தகடூரை ஆண்ட அதியமான்கள்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வடக்கே உள்ள தருமபுரிதான் பழைய தகடூர். காவிரிச் சமவெளியிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் வழி தொப்பூர்க் கணவாய். அதற்கு மேலே இருந்த ஊர் என்பதால் எல்லா அரசர்களுக்கும் அதன்மேல் கண்.

அதியமான் என்றால் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த நெடுமான் அஞ்சிதான் நினைவுக்கு வருவான். அவன் பாட்டில் மட்டும் வாழ்ந்தவன் அல்ல. அசோகர் கல்வெட்டு சோழ, பாண்டிய, சேரரோடு 'சத்தியபுத்திரர்' என்று இன்னொரு மரபையும் சொல்கிறது. அது யார்? 1981-ல் ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு விடை சொன்னது. அதில் அந்தப் பட்டத்தோடு அஞ்சியின் பெயரே இருக்கிறது!

பிறகு பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். ஆனால் மரபு அழியவில்லை. 8-ஆம் நூற்றாண்டில் நாமக்கல் குடைவரைக் கோயில்கள் அதியர் பெயரில் எழுந்தன. பிற்காலத்தில் அவர்கள் சோழருக்கு அடங்கிய சிற்றரசர்களாகத் தலைக்காட்டைக் காத்தார்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொய்சளர் அதையும் பறித்தார்கள்.

1200-ஐ ஒட்டி ஆண்ட விடுகாதழகிய பெருமாள், போளூர் அருகே திருமலையில் முன்னோன் எழினி வைத்த சமணப் படிமங்களைப் புதுப்பித்தான். அங்குள்ள கல்வெட்டு எழினியைச் சேர வம்சத்தவன் என்கிறது. தகடூரை அழித்ததும் ஒரு சேரன்தான்!

பெரிய அரசுகளுக்கு நடுவே சிக்கிய சின்ன மரபு இது. கோட்டை பலமுறை கைமாறியது, பெயர் மட்டும் ஆயிரம் வருடங்களுக்கு மேல் நின்றது.