அந்திக்கு முன் ஆகாரம்

பொன்னேரிக்குத் தெற்கே, செங்குன்றத்தை அடுத்த புழலில், ஆதிநாதருக்கு ஒரு பழைய சமணக் கோயில் இருக்கிறது. தொண்டைமண்டலத்து 24 கோட்டங்களில் ஒன்றுக்குத் தலையூராக விளங்கிய அந்தப் புழலில் குறும்பர்கள் கோட்டை கட்டி ஆண்டார்களென்றும், சமண முனிவர் ஒருவர் வந்து அவர்களைத் தம் மதத்துக்குத் திருப்பினாரென்றும், பிற்பாடு ஆதொண்டைச் சோழன் படையெடுத்து அவர்களை வென்றானென்றும், கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்ஸி திரட்டிய கைப்பிரதிகளில் ஒரு கதை வழங்குகிறது. கதையின் சரித்திர மதிப்பு எவ்வாறாயினும், சமணர் இப்பிராந்தியத்தில் வாழ்ந்ததும், இரவில் உண்ணாமை அவர்களுடைய அனுஷ்டானங்களுள் தலையாய ஒன்றாக இருந்ததும் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஸ்தூல தேகத்துக்கும் நீரிழிவுக்கும் பரிகாரமாக, உண்ணும் நேரத்தைப் பகலில் சில மணிகளுக்குள் அடக்கிக்கொள்ளும்படி மேல்நாட்டு வைத்தியர்கள் இன்று சொல்லும்போது, அந்தப் பழைய வழக்கம் நினைவுக்கு வராமற் போகாது.

இல்லறத்திலிருக்கும் சமணனாகிய சாவகன் ஏறவேண்டிய படிகள் பதினொன்றில், இரவுணவைத் துறப்பது ஆறாவது படி. சிலப்பதிகாரத்தில், சமணத் துறவியான கவுந்தியடிகள் அடைக்கலமாகக் கொடுத்த கோவலனும் கண்ணகியும் சாவக நோன்பிகள் ஆதலால், பகற்பொழுதிலேயே சமைத்து உண்பதற்கு வேண்டிய புதுக் கலங்களையும் பண்டங்களையும் உடனே கொடுக்கும்படி இடைச்சியான மாதரி தன் வீட்டாரிடம் சொல்லுகிறாள். பிற மதத்தவளான ஓர் இடைச்சிக்கு விருந்தினரின் உணவு நேரம் தெரிந்திருக்கிறது. அதற்கேற்பத் தன் வீட்டு அடுக்களையின் ஏற்பாட்டை அவள் மாற்றிக்கொள்கிறாள். அந்த நியமத்துக்குச் சமணர் கூறிய காரணமும் தேக ஆரோக்கியம் அன்று. விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியும், அந்தக் கொலைப்பாவம் உண்பவனைச் சாரும் என்பதே.

சமணர் எண்ணிக்கையில் அருகிய பிறகும், உணவைக் காலத்தால் கட்டுப்படுத்தும் வழக்கம் இந்தப் பக்கத்தில் வேறு வேறு வேஷங்களில் நிலைத்திருந்தது. ஏகாதசிக்கு உபவாசம், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒருபொழுது, ஆண்டார்குப்பத்து முருகனையும் சிறுவாபுரி முருகனையும் வேண்டிக்கொண்டவர்களுக்குச் சஷ்டி என்று, வருஷத்தில் பல நாட்கள் அடுப்புக்கு ஓய்வு கிடைத்தது. ஒருபொழுதிருந்து, இரவில் பலகாரம் என்ற பேரால் நெய்யொழுகும் பண்டங்களை வயிறு புடைக்க உண்டவர்களும் உண்டென்பதை மறைப்பதற்கில்லை; விரதத்தின் பலன் அவர்களுடைய ஆத்மாவுக்குக் கிட்டியிருக்கலாம், தேகத்துக்குக் கிட்டியிராது. கடலோரத்துப் பழவேற்காட்டில் முஸ்லிம்கள் ரமலானில் நோற்பதோ சமணர் வழக்கத்துக்கு நேர் எதிரான முறை: பகல் முழுவதும் பட்டினி, விடியுமுன் சஹர் உணவு, அஸ்தமித்தபின் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும். அவ்வூர்ச் சின்னப் பள்ளிவாசலில் இன்றும் இருக்கும் நிழற்கடிகாரம், தொழுகை நேரங்களைச் சூரியனைக் கொண்டே கணித்துவந்த ஒரு சமூகத்தின் சாட்சியாகும்.

விரதமில்லாத சாதாரண நாட்களில் பொன்னேரி வட்டத்து ஜனங்கள் எப்பொழுது உண்டார்கள்? 'நம் முன்னோர் எல்லாரும் அந்திக்கு முன்பே சாப்பிட்டுவிட்டார்கள்' என்று இக்காலத்துப் பிரசங்கிகள் கூறுவது பாதி உண்மைகூட ஆகாது. ஆரணியாற்றுப் பாசனத்திலும் ஏரிப் பாசனத்திலும் நெல் விளைந்த பூமி இது. நிலமுடையவன் வீட்டில் வெளிச்சமிருக்கும்போதே அடுக்களை வேலையை முடித்துவிடுவது சௌகரியம். விளக்கெண்ணெய்க்கும் பின்னாளில் மண்ணெண்ணெய்க்கும் செலவு மிச்சம். ஆனால், நெல்லாகவே கூலி வாங்கிய படியாளோ, முற்பகலில் வரப்போரத்தில் கூழையோ கஞ்சியையோ குடித்துவிட்டு, மாலையில் அளந்து கொடுக்கப்பட்ட நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோய், அவன் மனைவி அதைக் குத்திப் புடைத்து உலையேற்றிய பிறகுதான் சோற்றைக் கண்டான். அது இருட்டிய பின்னரே நடந்தது. உண்ட கையோடு அவன் படுத்துறங்கினான்; மறுநாள் கூழ் வரும்வரை வயிறு ஓய்ந்திருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால், அவனும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதையும் உண்ணாதிருந்தவனே. ஆயினும் அதை நியமம் என்று புகழ்வது நியாயமன்று. வறுமையின் பட்டினியும் நோன்பின் பட்டினியும் வயிற்றுக்கு ஒன்றாகத் தோன்றலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் படித்தவர் எவரும் அவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கமாட்டார்.

இருட்டே வேலியாக இருந்த அந்த வாழ்க்கையை மாற்றியவை மின்விளக்கும் ஆலைச் சங்கும். 1971-இல் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் தோன்றிப் பின்னர் பொன்னேரிக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைந்தது. தெற்கே அத்திப்பட்டுப் பக்கத்தில் அனல்மின் நிலையமும், எண்ணூரில் 2001 முதல் புதிய துறைமுகமும் எழுந்தன. ஏர் பிடித்தவர்களின் பேரன்மார் ரயிலேறி மூன்று ஷிப்டு வேலைக்குப் போகலானார்கள். 250 பேருக்கு மேற்பட்டவர் வேலைசெய்யும் ஆலைகளில் கேன்டீன் அமைக்கச் செய்யலாமென்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. தொழிலாளிக்கு நல்ல ஆகாரம் கிடைக்கவேண்டுமென்ற சிறந்த நோக்கத்தோடு செய்த விதி அது. ஆனால் உடம்பு உறக்கத்தை எதிர்பார்க்கும் நடுநிசியில் சோறும் குழம்பும் பரிமாறப்படும் என்பதை எந்தச் சட்டம்தான் யோசித்தது? ஷிப்டு முடிந்து விடியற்காலையில் ஸ்டேஷன் வாசலில் டீயும் வடையும், வீட்டில் இட்டிலியும், உறங்கி எழுந்தபின் சாப்பாடுமாக, வாய் ஓயும் நேரமே இல்லாமற்போயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 14.4 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறிற்று. இதற்கு உணவு நேரம் ஒன்றே காரணமென்று எவரும் சொல்லார். பாலிஷ் அரிசிக்கும் உழைப்புக் குறைவுக்கும் பெரும் பங்கு உண்டு.

விஞ்ஞானம் இவ்விஷயத்தில் புகுந்தது சமீபத்தில்தான். ஒரிஸாவில் பிறந்து கலிபோர்னியாவின் ஸால்க் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரியும் சச்சிதானந்த பாண்டாவும் அவருடைய சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு மிக்க தீனியை எந்நேரமும் தின்ற எலிகள் பருத்தன. அதே அளவு தீனியை எட்டு மணி நேரத்துக்குள் தின்றவை அவ்வளவாகப் பருக்கவில்லை. எலிக்குப் பலித்தது மனிதனுக்கு அப்படியே பலிக்கவில்லை. சீனத்துக் குவாங்சௌ நகரில் பருமனான 139 பேரை ஒரு வருஷம் பரிசோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள்: உணவின் அளவைக் குறைத்துக் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் உண்டவர்கள் சராசரி 8 கிலோவும், அளவை மட்டும் குறைத்தவர்கள் 6.3 கிலோவும் இளைத்தார்கள். அந்த வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதன்று என்பதே ஆய்வாளரின் தீர்ப்பு. ஆயினும், நீரிழிவின் வாசலில் நின்ற சில ஆடவர்களைப் பிற்பகல் 3 மணிக்குள் உணவை முடிக்கச் செய்த 2018-ஆம் வருஷத்துச் சிறிய பரிசோதனை ஒன்றில், எடை குறையாமலே இரத்த அழுத்தமும் இன்சுலினின் செயலும் சீர்ப்பட்டன. ஆக, இது மெலிவதற்குரிய மந்திரமுமன்று, வெறும் மூடநம்பிக்கையுமன்று.

கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்கு இவற்றையெல்லாம்விட அதிகமாகச் சம்பந்தப்பட்டது 2021-இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு. இரவு வேலைக்காரரைப் போல் 19 பேரை விழித்திருக்கச் செய்து பார்த்ததில், இரவிலும் உண்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறிற்று. பகலில் மட்டுமே உண்டவர்களுக்கு அந்த ஏற்றம் காணப்படவில்லை. ஆய்வு சிறியது; ஆனால் அது காட்டும் திசை தெளிவானது. மாதரியின் வீட்டில் விருந்தினரின் நியமத்துக்காக அடுக்களை அசைந்து கொடுத்தது. எட்டு மணி நேரம் நின்று இயந்திரத்தோடு மாரடிப்பவனிடம் 'நீ இரவில் உண்ணாதே' என்று உபதேசம் செய்வதற்கு முன், ஆலை முதலாளிகள் இரவு ஷிப்டுக்காரருக்கு வேலை தொடங்குமுன் மாலையிலேயே முழுச் சாப்பாடு போட்டு, நடுநிசியில் மோரோ சுண்டலோ போன்ற லேசான ஆகாரத்தோடு நிறுத்திப் பார்க்கட்டும். நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் மாத்திரை உண்பவர்களும், சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும் அபாயம் இருப்பதால், தங்கள் டாக்டரைக் கேளாமல் உணவு நேரத்தை மாற்றவேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.