தண்ட சமதை: மௌரியப் பேரரசின் சிதைவில் நாம் இழந்தது



மௌரியப் பேரரசு சிதையாமல் இருந்திருந்தால் சாதி இவ்வளவு இறுகியிருக்குமா? இந்தக் கேள்வியை நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அசோகர் மறைந்தது கி.மு. 232 வாக்கில். அடுத்த அரை நூற்றாண்டில் பேரரசு துண்டுபட்டது. கி.மு. 206 வாக்கில் வடமேற்கே வந்த கிரேக்க மன்னன் மூன்றாம் அந்தியோகஸ், சுபாகசேனன் என்ற அரசனிடம் யானைகள் பெற்றுத் திரும்பினான். கி.மு. 185 வாக்கில், படையைப் பார்வையிட்ட கடைசி மௌரியன் பிருகத்ரதனைத் தளபதி புஷ்யமித்திர சுங்கன் கொன்றான். அண்ணல் அம்பேத்கர் இதை அரண்மனைச் சதியாக மட்டும் பார்க்கவில்லை. பௌத்தப் புரட்சிக்கு எதிராகப் பார்ப்பனியம் நடத்திய எதிர்ப்புரட்சி என்றார்.

ஆனால் பௌத்தம் அன்றே அழிந்துவிடவில்லை. சாஞ்சி தூபி பெரிதானதும் பர்குத்தில் கல்தோரணம் எழுந்ததும் சுங்கர் காலத்தில்தான். அழிந்தது வேறொன்று. முடிசூடிய 26ஆம் ஆண்டில் வெளியிட்ட நான்காம் தூண் சாசனத்தில், ராஜுகர் எனும் அதிகாரிகளுக்கு அசோகர் ஆணையிட்டார்: வழக்கு விசாரணையிலும் தண்டனையிலும் சமநிலை வேண்டும். தண்ட சமதை என்பது இதுதான்.

பின்னாளில் தொகுக்கப்பட்ட மனுஸ்மிருதி இதைத் தலைகீழாக்கியது. மற்றவருக்கு மரண தண்டனை என்றால் பார்ப்பனருக்குத் தலையை மழித்தால் போதும். இருபிறப்பாளரை இழித்துப் பேசிய சூத்திரனுக்கோ நாக்கை அறுக்க வேண்டும்.

பேரரசு நீடித்திருந்தாலே இது நடந்திருக்காது என்று சொல்ல முடியுமா? கலிங்கத்தில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும் 1,50,000 பேர் பெயர்த்துச் செல்லப்பட்டதையும் அசோகரே பொறித்திருக்கிறார். காட்டு மக்களை எச்சரித்ததும் அதே சாசனம்தான். பேரரசு எவருக்கும் தாய்வீடு அல்ல. தண்ட சமதையும் அரசரின் மனத்தில்தான் நின்றது. அதைத் தட்டிக் கேட்டுப் பெறும் உரிமை மக்களிடம் இல்லை. அந்த உரிமை ஊர்தோறும் வேர்விட்டிருந்தால், மன்னர்கள் மாறியிருந்தாலும் மனு வெறும் ஏடாகவே கிடந்திருக்கக்கூடும். வரலாறு மாறியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் அந்த ஏடு எரிக்கப்பட்டது. 1950இல் சட்டத்தின் முன் சமத்துவம் அரசமைப்பின் 14ஆம் பிரிவாக வந்தது. அசோகரின் சிங்கத்தூண் அரசு முத்திரையானது. இம்முறை அது அரசர் கொடுத்த கொடை அல்ல, நம் உரிமை. வன்கொடுமைப் புகாரைப் பதியாமல் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மனுவின் தண்டநீதியே இன்னும் நடக்கிறது. அங்கே கேட்டுப் பெறாவிட்டால் இதையும் இழப்போம்.

ஜெய் பீம்.