மதிலுக்குள் ஓர் ஆலயம்: சென்னைக் கோட்டைத் தூய மரியாள் ஆலய வரலாறு

சென்னைத் தூய ஜார்ஜ் கோட்டையினுள் நிற்கும் தூய மரியாள் ஆலயம், இந்தியாவில் இன்றுள்ள ஆங்கிலிக்கன் மரபு ஆலயக் கட்டடங்களுள் மிகத் தொன்மையானது. அதன் பெருமைகள் பலராலும் கூறப்பட்டவையே. ஆயினும் அவ்வாலயம் யாருக்காகக் கட்டப்பட்டது, அதன் தடித்த சுவர்கள் யாரைக் காத்தன என்ற வினாக்கள் திருப்பணிக்கு ஆயத்தமாகும் நமக்கு இன்றியமையாதவை.

1. ஆலயம் எழுந்த வரலாறு

கும்பினியார் 1639-இல் சென்னையில் நிலம் பெற்றபின் பல்லாண்டுகள் அவர்களுக்குத் தனி ஆலயம் இருக்கவில்லை. பண்டகசாலையைச் சார்ந்த மாளிகையின் கூடமே ஆராதனைக்குப் பயன்பட்டது. 1678-இல் தலைமைப் பொறுப்பேற்ற ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் ஆலயம் எழுப்ப முற்பட்டார். அதற்கான பொருளைக் கும்பினியார் தரவில்லை. கோட்டையிலிருந்த ஆங்கிலேயரே 800 வராகனுக்கும் மேலாக நன்கொடை திரட்டினர். மரியாளுக்கு தேவதூதன் நற்செய்தி அறிவித்ததை நினைவுகூரும் திருநாளாகிய மார்ச்சு 25 அன்று பணி தொடங்கியமையால் ஆலயம் அவ்வன்னையின் பெயரைப் பெற்றது. 1680 அக்டோபர் 28-ஆம் நாள் பிரதிஷ்டை நடைபெற்றது.

2. கட்டடத்தின் இயல்பு

இக்கட்டடத்தை வகுத்தவர் கோட்டையின் பீரங்கிப் படையைச் சார்ந்தவர் எனக் கருதப்படுகிறது. அமைப்பை நோக்கின் அது பொருத்தமாகவே தோன்றும். வெளிச் சுவர்கள் ஏறத்தாழ நான்கு அடி கனமுடையவை. கூரை மரத்தாலானதன்று, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு இரண்டு அடி கனத்தில் வளைத்துக் கட்டப்பட்டது. தீயும் பீரங்கிக் குண்டும் தாக்காதிருக்க இவ்வாறு செய்தனர். ஆண்டவரைத் தன் கோட்டை என்று பாடினான் சங்கீதக்காரன். இங்கோ ஆண்டவருடைய இல்லமே கோட்டையின் ஓர் அங்கமாயிற்று.

3. போரும் கல்லறைகளும்

ஆலய முற்றத்தில் பரவிக் கிடக்கும் கல்லறைக் கற்கள் முதலில் அங்கு இருந்தவையல்ல. ஆங்கிலேயரின் பழைய கல்லறைத் தோட்டம் மதிலுக்கு வெளியே இருந்தது. 1758-59-இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படையினர் முற்றுகையிட்டபோது அக்கல்லறைகளைத் தங்களுக்கு மறைவிடமாகக் கொண்டனர். ஆகவே முற்றுகைக்குப்பின் அவை இடிக்கப்பட்டு, எழுத்துப் பொறித்த கற்கள் ஆலய முற்றத்திற்குக் கொண்டுவரப்பட்டன. 1782-இல் ஐதர் அலியோடு நடந்த போரின்போது, கொத்தளங்களில் பீரங்கிகளை நிறுத்த அதே கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. மரித்தோரின் நினைவுக் கல்லும் போர்க்கருவியாயிற்று.

4. மதிலுக்கு வெளியே

தமிழ்ச் சபையின் வரலாறு இதற்கு வேறானது. கோட்டை ஆலயக் குருமாருள் ஜார்ஜ் லூயிஸ், வில்லியம் ஸ்டீவன்சன் ஆகியோர் தரங்கம்பாடி மிஷனெரிமாருக்கு உற்ற நண்பர்களாய் விளங்கினர் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆயினும் 1720-களில் சூல்சே ஐயர் சென்னையில் தொடங்கிய தமிழ்ச் சபைக்கு வாழ்விடம் மதிலுக்கு வெளியேதான். 1746-இல் பிரெஞ்சுக்காரர் நகரைப் பிடித்தபோது மிஷன் அழிவுக்குள்ளாயிற்று. பின்னர் வேப்பேரியில், ரோமச் சபையாரிடமிருந்து எடுக்கப்பட்ட ஒரு சிற்றாலயம் மிஷனுக்கு அளிக்கப்பட்டது. 1758 டிசம்பரில் வேப்பேரியும் சூறையாடப்பட்டது. பப்ரிசியு ஐயர் தம் சபையாரோடு பழவேற்காட்டுக்கு ஓடினார்.

ஒரே முற்றுகை, இரு சபைகள். ஒன்றுக்கு இரண்டடிக் கனமான கூரை. மற்றொன்றுக்கு ஓடிப்போகும் வழி. ஆயினும் பிற்காலத் தமிழ்த் திருச்சபைக்கு வேதாகம மொழியை வகுத்தளித்தவர் ஓடிப்போனவரே. அவர் திருத்திய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772-இல் அச்சாயிற்று. அதனை வாசித்தும் கேட்டும் வளர்ந்த சபைகள் பல.

5. சுவரிலுள்ள சாட்சி

எனினும் மதில் முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. ஜாப் சார்னாக்கிற்கு இந்தியத் தாய் வயிற்றில் பிறந்த புதல்வியர் மூவர் 1689-இல் இவ்வாலயத்தில் திருமுழுக்குப் பெற்றனர். ஆளுநர், தளபதியர் நினைவுச் சின்னங்களுக்கிடையே சுவார்ட்ஸ் ஐயருக்கும் ஒரு சலவைக்கல் சின்னம் உண்டு. அதனை ஜான் பேக்கன் என்னும் இளைய சிற்பியைக்கொண்டு கும்பினியாரே செய்வித்தனர். மரணப் படுக்கையில் கிடக்கும் மிஷனெரியைச் சிறுவர்கள் சூழ்ந்திருக்கின்றனர். 1779-இல் கும்பினியார் ஐதர் அலியிடம் சமாதானத் தூதனுப்ப நாடியபோது தேர்ந்தெடுத்தது இவரையே. பீரங்கிகளை நம்பியவர்களும், ஆயுதமற்ற ஒருவருடைய சொல்லின் மதிப்பை அறிந்திருந்தனர்.

முடிவுரை

அரசாட்சிகள் மாறின. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது கோட்டை ஆலயமும், அதே நகரத்துத் தமிழ்ச் சபைகள் பலவும் ஒரே திருச்சபையின் உறுப்புகளாயின. மதிலுக்கு உள்ளும் வெளியும் என்ற பிரிவு சட்டப்படி நீங்கிற்று. ஆனால் கல்லால் கட்டிய மதில்களைவிடச் சாதியாலும் செல்வத்தாலும் கட்டியவை நெடுநாள் நிற்பவை. நாம் எழுப்பும் ஆலயங்கள் யாருக்குப் புகலிடம், யாருக்குத் தடைச்சுவர்? மதில்களற்ற எருசலேமையும், அதைச் சுற்றி அக்கினி மதிலாய் நிற்கும் ஆண்டவரையும் சகரியா தீர்க்கன் கண்டான். அத்தரிசனத்தைப் பெறாதவரை, நம் சபைகள் எவ்வளவு உறுதியாய்க் கட்டப்பட்டிருப்பினும், கொத்தளங்களாகவே இருக்கும்.