கொதிப்பா, அழுத்தமா? இரத்தக் குழாயும் நினைவாற்றலும் – ஒரு வரலாற்றுப் பார்வை



நம் ஜொகூர் வீடுகளில் ஒரே நோய்க்கு நாலு பேர் உண்டு. தாத்தா 'ரத்தக் கொதிப்பு' என்பார். அம்மா 'பிரஷர்' என்பார். கிளினிக்கில் தாதியர் 'டாரா திங்கி' என்பார்கள். நாம் கட்டுரையில் 'உயர் இரத்த அழுத்தம்' என்று எழுதுவோம். எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. 'கொதிப்பு' என்றதும் கோபமும் சூடும்தான் நினைவுக்கு வருகின்றன. "நான் இப்பெல்லாம் கோபப்படுறதே இல்ல, எனக்கு எதுக்கு மாத்திரை?" என்று கேட்கும் பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'அழுத்தம்' என்பதோ அளக்கக்கூடியது. இரத்தம் குழாய்ச் சுவரைத் தள்ளும் விசை அது. கோபம் தணிந்துவிட்டது என்பதற்காக அது தணிந்துவிடாது.

அளக்கக் கற்ற பிறகுதான் மனிதன் இந்த நோயைப் புரிந்துகொண்டான். அது முதுமையில் நினைவாற்றலையும் தொடும் என்று உணர மேலும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அளக்கக் கற்ற கதை

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் அதில் எட்டு அடிக்கும் மேல் ஏறி நின்றது. இதை அவர் 1733இல் நூலாக வெளியிட்டார். மனிதர்களிடம் இப்படிச் செய்ய முடியுமா? அதற்கு வழி கண்டவர் இத்தாலியரான ரிவா-ரோச்சி. கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து அளக்கும் கருவியை அவர் 1896இல் அறிமுகப்படுத்தினார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் கண்டுகொள்ளலாம் என்று காட்டினார். இன்று கிளினிக்கில் 120/80 என்று சொல்லும் இரண்டு எண்களும் இந்த வழியில் வந்தவைதான்.

1931: இரு நகரங்கள், இரு கருத்துகள்

அளக்கத் தெரிந்துவிட்டது, ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. வயதானவரின் குழாய்கள் குறுகிவிடுகின்றன, அவற்றின் வழியே இரத்தத்தைத் தள்ள உயர்ந்த அழுத்தம் அவசியம்தான் என்று பல மருத்துவர்கள் நம்பினார்கள். அமெரிக்க இதயநோய் நிபுணர் பால் டட்லி ஒயிட் 1931இல் வெளியிட்ட பாடநூலில், அது உடலே செய்துகொள்ளும் ஈடுகட்டலாக இருக்கலாம், அதைத் தொடாமல் விடுவதே நல்லது என்ற கருத்தை முன்வைத்தார்.

அதே 1931இல், கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் வேறொரு செய்தியைச் சொன்னார்கள். சர்ப்பகந்தா என்ற செடியின் வேர் மனநோயைத் தணிக்கிறது, உயர் இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். பீகார் பக்கம் 'பைத்தியத்துக்கு மருந்து' என்றே மக்கள் அழைத்துவந்த வேர் அது. ஒரே வேர் மூளையையும் இரத்தக் குழாயையும் தொடுகிறது என்பதைக் கவனியுங்கள். நம் கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

அந்தக் குரல் அப்போது உலகத்துக்குக் கேட்கவில்லை. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் இரத்த அழுத்தம் 186/108 என்று பதிவானது. உலகின் மிக வலிமையான நாட்டின் தலைவருக்கே அன்று சரியான மருந்து இல்லை. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு அவர் இறந்தார். அன்று அவரது அழுத்தம் 300/190.

பம்பாயிலிருந்து உலகுக்கு

1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், ஐம்பது நோயாளிகளுக்குச் சர்ப்பகந்தா கொடுத்துக் கண்டதைப் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். இந்த முறை உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1957இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஆனால் ரிசர்பின் உண்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததாகச் செய்திகள் எழுந்தன. நல்ல மருந்துகள் வந்ததும் அதன் பயன்பாடு குறைந்தது. ஆனாலும் அது வீண்போகவில்லை. ரிசர்பின் கொடுத்த முயல்கள் அசையாமல் கிடந்ததை ஆராய்ந்த சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன், மூளையில் டோபமைன் செய்யும் வேலையைக் கண்டறிந்தார். பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சைக்கு அது வழிவிட்டது. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நினைவுக்கும் அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு?

நம் மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதை மூளையின் ஆழத்துக்குக் கொண்டுபோகும் குழாய்கள் மிக மெல்லியவை. பல்லாண்டு அழுத்தத்தில் அவை தடித்துக் குறுகுகின்றன. பக்கவாதம் வராவிட்டாலும், சின்னச் சின்ன இடங்களில் இரத்தம் போய்ச் சேராமல் சிந்தனையும் நினைவும் மெதுவாகின்றன. குழாய் நோயால் மூளை சேதமடைவதை ஓட்டோ பின்ஸ்வாங்கர் 1894லேயே விவரித்திருந்தார்.

ஆதாரம் படிப்படியாகத்தான் சேர்ந்தது. ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களை ஆராய்ந்தவர்கள் 1995இல் ஒன்றைக் காட்டினார்கள்: நடுவயதில் அழுத்தம் உயர்ந்திருந்தவர்களுக்கு, சுமார் 25 ஆண்டுகள் கழித்து, சிந்தனைத் திறன் குறைந்திருக்கும் வாய்ப்பு அதிகம். 1998இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மருந்து உண்ட முதியவர்களிடையே மறதிநோய் வருவது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 7.7 என்பதிலிருந்து 3.8ஆகக் குறைந்தது. 9,361 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில், மறதிநோய்க்கு முந்திய நிலையான லேசான அறிவாற்றல் குறைவு 19 விழுக்காடு குறைந்தது. மறதிநோயும் குறைந்ததுபோல் தெரிந்தாலும், அதை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. கட்டுரையில் எழுதும்போது இந்த வேறுபாட்டை மறைக்காதீர்கள். 'மாத்திரை போட்டால் மறதியே வராது' என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

நம் நாட்டு நிலை

சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வுப்படி, மலேசியாவில் வயதுவந்த பத்துப் பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. முதியோரைப் பற்றிய 2018ஆம் ஆண்டு ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு இந்த நோய் உண்டு என்றார்கள். 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கலாம் என்றும் அந்த ஆய்வு கணித்தது.

நம்மிடையே ஒரு பேச்சு உண்டு: "வயசாச்சுன்னா மறதி வரத்தான் செய்யும்." சாவியை வைத்த இடம் மறப்பது சாதாரணம்தான். ஆனால் பழகிய பாதை மறப்பதும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதும் முதுமையின் இயல்பு அல்ல. மருத்துவர் பார்க்க வேண்டிய அறிகுறிகள். குளுவாங், சிகாமட் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த தலைமுறை, டிரெசரிடம் ஒரு மருந்து வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போன தலைமுறை. வலி இல்லாத நோய்க்குக் கிளினிக் போக அவர்களாகத் தோன்றாது. நாம்தான் அழைத்துப் போக வேண்டும்.

ஆசிரியர்களே, இது நமக்கும்தான். மறதிநோய்த் தடுப்பு பற்றிய லான்செட் ஆணையம் 2020இல் தந்த பரிந்துரை, சுமார் 40 வயதிலிருந்தே மேல் அளவை 130 அல்லது அதற்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது. எழுபதில் தெரியும் மறதிக்கு நாற்பதிலேயே விதை விழுந்துவிடலாம். அதே நேரம், மிக முதியவர்களுக்கு அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் தலைசுற்றி விழும் ஆபத்து உண்டு. எனவே மாத்திரையைக் கூட்டுவதோ நிறுத்துவதோ மருத்துவரைக் கேட்டே நடக்கட்டும்.

வகுப்பில் கலந்துரையாட

1. 'இரத்தக் கொதிப்பு', 'இரத்த அழுத்தம்' ஆகிய இரு சொற்களும் கேட்பவர் மனத்தில் எழுப்பும் பொருள் வேறுபாட்டை விளக்குக.
2. 1931இல் எழுந்த இரு கருத்துகளையும் ஒப்பிடுக. கல்கத்தாவின் குரல் உலகுக்கு எட்டத் தாமதமானதற்கு என்ன காரணங்கள் இருக்கலாம்?
3. உங்கள் வீட்டுப் பெரியவர் கடைசியாக எப்போது இரத்த அழுத்தம் பார்த்தார்? கேட்டு, அவர் சொன்னதை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

மூன்றாம் கேள்வியை மட்டும் வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். சில வீடுகளில் அந்த ஒரு கேள்வியே ஒருவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும்.