ஊதாத் தவளை

மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் மண்ணுள் தவளை. அறிவியல் பெயர் நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ். உப்பிய உடல், கூரிய வெளிறிய மூக்கு, மிகச் சிறிய கண்கள், குட்டைக் கால்கள். அழகென்று சொல்ல முடியாது. பின்னங்காலிலுள்ள கடினமான புடைப்புகளே அதன் மண்வெட்டி. கரையான் தின்பதற்குக்கூட வெளியே வருவதில்லை. குறுகிய வாயால் நிலத்தடியிலேயே உறிஞ்சிக்கொள்கிறது.

ஆண்டில் சில நாட்கள், பருவமழையை ஒட்டி, இனப்பெருக்கத்துக்காக மேலே வரும். ஆண், பெண்ணைவிட மிகச் சிறியது. மண்ணுக்குள் இருந்தபடியே கூவும். பெண், ஓடைப் பாறைக் குழிகளில் முட்டையிடும். தலைப்பிரட்டைகளுக்கு உறிஞ்சு வாய் உண்டு. வெள்ளம் பாயும் பாறையிலும் அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும்.

எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போஸ்யூவும் 2003இல் இதைப் புதிய இனமாக அறிவித்தனர். மலைவாழ் மக்களுக்கோ இது முன்பே தெரிந்த தவளை. இதன் பேரினத்துக்கு வெளியே நெருங்கிய உறவினங்கள் இருப்பது கடல் கடந்த செஷல்ஸ் தீவுகளில். இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலமாக இருந்ததற்கு இதைவிட நல்ல உயிர்ச்சான்று அரிது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து 2017இல் விவரிக்கப்பட்ட, இதே பேரினத்தின் மற்றோர் இனம், வடகிழக்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்கிறது.