கோட்டையிலிருந்து வந்த எதிர்ப்பு: தரங்கம்பாடி மிஷனின் முதல் ஆண்டுகள் (1706–1733)

தரங்கம்பாடி மிஷன் என்றதும் அச்சுக்கூடமும் தமிழ்ப் புதிய ஏற்பாடும் நினைவுக்கு வருகின்றன. அந்த மிஷன் பட்ட பாடுகளை எழுதுவோர், கிறிஸ்தவத்தை ஏற்க மறுத்த உள்ளூர்ச் சமூகமே அதற்குத் தடையாக நின்றது என்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். ஆவணங்கள் காட்டுவது வேறு. மிஷனைத் தொடங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கைச் சிறையில் அடைத்தவர் தஞ்சை மன்னர் அல்லர்; அவரைப் போலவே லூத்தரன் சபையைச் சேர்ந்த டேனிஷ் தளபதிதான்.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து தரங்கம்பாடியைப் பெற்ற டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி வணிகம் நடத்தியது. அங்கிருந்த பாதிரிமார் ஐரோப்பியருக்காக மட்டுமே ஊழியம் செய்தார்கள். தமிழரிடையே நற்செய்தி அறிவிக்க ஆள் அனுப்ப விரும்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக். கம்பெனிக்கு அதில் விருப்பமில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரில் இறையியல் ஆசிரியர் பிராங்கேயிடம் பயின்ற சீகன்பால்கும் ஹென்றி புளுட்சாவும் 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கியபோது, கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவர்களை வரவேற்கவில்லை. மன்னரின் முத்திரையிட்ட கடிதம் கையில் இருந்தும் தங்க இடமின்றி அலைந்தார்கள்.

இந்தப் பகைக்கு மதத்தைவிட வணிகமே அடிப்படை என்பது என் முடிவு. 1707 மே மாதம் ஞானஸ்நானம் பெற்ற முதல் ஐவரும் டேனிஷ் குடும்பங்களில் அடிமைகளாக இருந்தவர்கள். எஜமான் கும்பிடும் அதே கடவுளை, அதே சபைக்குள் நின்று அடிமையும் கும்பிடலாம் என்ற நிலை அந்த வீடுகளில் எத்தகைய அதிர்வை உண்டாக்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழருக்கென எருசலேம் ஆலயம் எழுந்தது. ஏழைகளின் வழக்குகளில் மிஷனரிகள் அவர்கள் பக்கம் பேசத் தொடங்கினார்கள். கோட்டையின் அதிகாரத்துக்குக் கட்டுப்படாத ஒரு குரல் ஊருக்குள் ஒலிப்பதைத் தளபதியால் பொறுக்க முடியவில்லை.

1708-இல் அது வெடித்தது. கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் சீகன்பால்க் அவளுக்காகப் பரிந்து பேசினார். தகராறு முற்றி, நவம்பர் 19 அன்று வீரர்கள் வந்து அவரைப் பிடித்துச் சென்றார்கள். அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்தது. தொடக்கத்தில் எழுதுபொருள்கூட மறுக்கப்பட்டது. ஏறக்குறைய நான்கு மாதச் சிறைக்குப் பிறகு 1709 மார்ச்சில் வெளியே வந்தவர், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பை முடித்தார். 1715-இல் அது முழுமையாக அச்சேறியது. ஹாசியஸோ 1716 வரை பதவியில் நீடித்தார்.

தளபதி போனபின் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. கோபன்ஹேகன் மிஷன் சங்கத்தின் செயலர் வென்ட், ஊழியக்காரர் அப்போஸ்தலரைப் போல எளிமையாக அலைந்து பிரசங்கிக்க வேண்டும், ஆலயமும் பள்ளியும் கட்டிக்கொண்டு ஓரிடத்தில் இருக்கக் கூடாது என்று கண்டித்து எழுதினார். சொந்த வீட்டாரின் இந்தக் கடிதங்கள் சிறையைவிட அதிகமாகச் சீகன்பால்கை நோகச் செய்தன என்று நான் கருதுகிறேன். 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் அவர் இறந்தார். அவர் 1713-இல் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூல் ஹாலேயில் கிடப்பில் போடப்பட்டு, 1867-இல்தான் வெளிவந்தது.

உள்ளூர் மக்கள் எதிர்க்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர்கள் எதிர்ப்பில் வாதம் இருந்தது. 1712 முதல் 1714 வரை தமிழர்கள் மிஷனரிகளின் கேள்விகளுக்கு எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் கிடைக்கின்றன. கிறிஸ்தவர்களின் குடியையும் ஒழுக்கக் கேட்டையும் அவை நேருக்கு நேர் கேட்கின்றன. கோட்டைக்காரர்களின் வாழ்க்கையைக் கண்டவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்; மிஷனரிகளும் அந்தக் குறையை மறுக்கவில்லை.

ஊருக்குள் உண்மையான விலை கொடுத்தவர்கள் தமிழ் விசுவாசிகளும் அவர்களோடு நின்ற துணைவர்களும்தான். வெளிநாட்டவருக்குக் கோட்டைக்கு மேலே முறையிட ஒரு மன்னர் இருந்தார், இவர்களுக்கு யாருமில்லை. சீகன்பால்குக்குத் தமிழ் கற்கத் துணைநின்ற அழகப்பன், கோட்டை அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளாகி ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். மேற்சொன்ன கடிதங்களில் பெரும்பகுதி இவர் கையால் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. 1709-இல் ஞானஸ்நானம் பெற்ற கணபதி வாத்தியார், புதிய சமயப் போதனைகளைச் செய்யுளாக்கியவர். பெற்றோரும் உறவினரும் அவரைத் திருப்பி இழுக்கப் பெரும்பாடு பட்டார்கள். சாதிக்கட்டு இறுகிய சமூகத்தில் உறவை இழப்பது என்றால் கலியாணம், சாவு, கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் இழப்பது. தஞ்சைப் படையில் இருந்த கத்தோலிக்கரான இராஜநாயக்கன், அச்சான தமிழ் நற்செய்தி நூலைப் படித்துத் தரங்கம்பாடிச் சபைக்கு வந்து உபதேசியாரானார். இங்கே பகைத்தவர்கள் அவருடைய பழைய சபையார். ஒரே வேதத்தை வாசித்தவர்களே ஒருவரையொருவர் ஒடுக்கியதை இந்த வரலாற்றின் வேதனையான பகுதியாகவே பார்க்க வேண்டும்.

1733 டிசம்பர் 28 அன்று, ஆறுமுகம் என்ற பெயரோடு பிறந்த ஆரோன் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்க் குருவானவர் அவர். மிஷன் வேரூன்றியது என்று சொல்ல நான் தேர்ந்தெடுக்கும் ஆண்டு இதுதான்.

ஹாலேயில் பிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இந்த மிஷனின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் தமிழ் ஓலைச்சுவடிகளும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் சீகன்பால்கைத் தேடியவர்கள் பலர். அழகப்பனையும் கணபதி வாத்தியாரையும், பெயர்கூட நம் வரலாறுகளில் இடம்பெறாத அந்த ஐந்து அடிமைகளையும் தேடித் தமிழ் ஆய்வாளர்கள் அங்கே போக வேண்டும்.