தில்லியிலிருந்து டொரண்டோ போன மன்னர்

பழைய தில்லியில் ஜாமா மசூதியின் கிழக்கு வாசல் படிகளில் நின்றால், எதிரே செங்கோட்டை தெரியும். இடையிலுள்ள வெளி ஒருகாலத்தில் வீடும் கடைத்தெருவுமாக நெருங்கிக் கிடந்த இடம். 1857 எழுச்சியை அடக்கிய ஆங்கிலேயர்கள், கோட்டையைச் சுற்றியிருந்த குடியிருப்புகளை இடித்துத் தள்ளினார்கள். ஷாஜகானின் மனைவி அக்பராபாதி மகால் கட்டிய பள்ளிவாசலும் தப்பவில்லை.

அந்த மண்ணில்தான் எட்வர்ட் பூங்கா அமைந்தது. ஏழாம் எட்வர்ட் மன்னரின் நினைவுச்சின்னத்துக்கு, 1911 தர்பாருக்கு வந்த அவர் மகன் ஐந்தாம் ஜார்ஜ் அடிக்கல் நாட்டினார். பக்கிங்காம் அரண்மனை முன்னுள்ள விக்டோரியா நினைவுச்சின்னத்தை உருவாக்கிய சிற்பி தாமஸ் பிராக், ராணுவ உடையில் குதிரைமேல் வீற்றிருக்கும் மன்னரை வெண்கலத்தில் வடித்துக் கொடுத்தார். 1922 பிப்ரவரியில் பேரன் வேல்ஸ் இளவரசர் சிலையைத் திறந்துவைத்தார். ஒத்துழையாமை இயக்கம் நாட்டை உலுக்கிய நேரம் அது. இளவரசர் கால்வைத்த ஊர்களில் ஹர்த்தால் நடந்தது. ஜனவரியில் அவர் சென்னைக்கு வந்தபோதும் அப்படித்தான். மக்கள் கதவடைத்த வேளையில் திறக்கப்பட்ட சிலை, ஆட்சியின் அதிகாரத்தை மட்டுமே பறைசாற்றியது.

சுதந்திர இந்தியாவில் அதற்கு அங்கே வேலை இல்லை. 1960களில் பீடத்தைவிட்டு இறக்கினார்கள், ஆனால் உருக்கவில்லை. கனடாவின் ஹென்றி ஜாக்மன் என்ற செல்வந்தர் செலவை ஏற்க, கடல் கடந்து போய் 1969இல் டொரண்டோவின் குவீன்ஸ் பார்க்கில் நின்றது. 1860இல் 18 வயது இளவரசராக எட்வர்ட் தம் கையால் திறந்துவைத்த பூங்கா அது. தாயார் விக்டோரியாவின் பெயரைத் தாங்கியது.

அங்கே அவர் ஊருக்கு அறிமுகமான விருந்தாளி. தில்லியிலோ, இடித்த வீடுகளின் மேல் ஏறி நின்ற ஆட்சியாளர். ஒரு சிலையை எடைபோட, யாருடைய உருவம் என்று கேட்டால் போதாது. யாருடைய மண்ணில், யாரை அகற்றிவிட்டு வைத்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

எட்வர்ட் பூங்கா இன்று சுபாஷ் பூங்கா. செங்கோட்டையில் வெற்றி அணிவகுப்பு நடத்தக் கனவு கண்ட நேதாஜி, தோழர்களோடு அங்கே சிலையாக நிற்கிறார். 2012இல் மெட்ரோ பணிக்குத் தோண்டியபோது பழைய சுவர்கள் வெளிப்பட்டன. அக்பராபாதி பள்ளிவாசலின் எச்சம் இதுவே என்று மக்கள் திரண்டார்கள். மன்னரின் சிலையைக் கப்பலேற்ற முடிந்தது. அது நின்ற நிலத்தின் கணக்கு இன்னும் தீரவில்லை.

(தொடரும்)

அடுத்த வாரம்: இந்தியா கேட் மண்டபத்தைவிட்டு வெளியேறிய ஐந்தாம் ஜார்ஜ்